ஆணி இருந்த இடம்

ஆண்டவரைச் சுவரிலிருந்து கழற்றுவது என்ன லேசான காரியமா? குளோரியா சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "கோச்சிக்காதப்பா, ஒரே ஒரு சாயங்காலம்" என்று சொல்லிவிட்டுத் திரு இருதயப் படத்துக்கு இரண்டு பக்கமும் கையைக் கொடுத்துத் தூக்கினாள். கல்யாணமான வருஷம் சாமியார் வீட்டுக்கு வந்து மந்திரித்து மாட்டிய படம் அது. நெஞ்சைத் திறந்து இருதயத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிற சேசுநாதர். நீலச் சுவருக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தபோதுகூட அவரை இறக்கவில்லை. பெயிண்டரிடம் சண்டை போட்டுச் சுற்றி அடிக்க வைத்தாள். இன்றைக்கு அவளே இறக்குகிறாள்.

படத்துக்குப் பின்னால் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவை நழுவி ஸ்டூலில் பட்டு நொறுங்கியது. போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று தர்ஷினி மடித்த சிலுவை. காய்ந்து சருகாய்ப் போயிருந்தது. மந்திரித்த ஓலையைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளலாமா? படத்தைக் கட்டில்மேல் கிடத்திவிட்டு வந்து, துணுக்கு துணுக்காகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எல்லாவற்றுக்கும் காலையில் வந்த ஒரு போன்தான் காரணம். தத்துக் கொடுக்கிற இல்லத்திலிருந்து பேசினார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேடம் வருவார், புது மேடம், வேதநாயகி என்று பேர், வீட்டையும் பார்ப்பார் குழந்தையையும் பார்ப்பார், அவர் எழுதுவதை வைத்துத்தான் தத்து ஆர்டர் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். தர்ஷினி இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். முன்பல் விழுந்து முளைத்தது இந்த வீட்டில்தான். ஆனாலும் சட்டப்படி அவள் இன்னும் குளோரியாவுக்கும் புருஷன் யூஜினுக்கும் மகள் இல்லை, பார்த்துக்கொள்ளக் கொடுத்த பிள்ளை. ஆர்டர் வந்தால் மகள். வராவிட்டால் என்ன என்பதைக் குளோரியா ஒரு நாளும் நினைத்து முடித்தது கிடையாது. அந்த இடம் வந்ததும் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள்.

அவளுக்கு வயிற்றில் ஒன்று தங்கியதில்லை. எத்தனை நவநாள், எத்தனை வியாழக்கிழமை! விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்சந்தில் குடியிருந்துகொண்டு குழந்தைக்காக அழுவது எப்படிப்பட்ட வேதனை என்று அவளைக் கேட்டால்தான் தெரியும். ஊர் ஊராக வந்து வேண்டிக்கொண்டு போனவர்கள் பிள்ளையோடு திரும்பி வந்து மெழுகுதிரி ஏற்றினார்கள். இவள் ஜன்னலில் நின்று அவர்களைப் பார்த்தாள். கடைசியில் தர்ஷினி வந்தாள். ஏற்கெனவே ஒரு வீட்டில் கொஞ்ச நாள் வைத்திருந்து ஒத்துவரவில்லை என்று திருப்பி விட்ட பிள்ளை என்று இல்லத்தில் சொன்னார்கள். "திருப்பி விடறதுக்கு அது என்ன மிக்ஸியா?" என்று குளோரியா அங்கேயே கத்திவிட்டாள். அந்தக் கோபத்திலேயே அவளுக்குப் பிள்ளையைப் பிடித்துப்போய்விட்டது.

முதல் வாரம் தர்ஷினி தூங்கவில்லை. இருட்டு என்றால் உடம்பு விறைத்துக்கொள்ளும். திரு இருதயப் படத்தின் முன்னால் இரவு பகலாக எரிகிற சின்னச் சிவப்பு பல்பு இருக்கிறதே, அதற்கு நேராகப் பாய் விரித்துப் படுக்க வைத்த பிறகுதான் கண் மூடினாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் ஒன்று மீந்திருந்தது. அதைக் குளோரியா படத்தின் கீழ்மூலையில், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகினாள். யூஜினின் செத்துப்போன அப்பா அம்மா, இவர்கள் கல்யாணப் போட்டோ, எல்லாம் அந்த மூலையில்தான் இருந்தன. "இந்த மூலையில யார் போட்டோ இருக்கோ அவங்கல்லாம் நம்ம வீட்டு ஆளு. ஆண்டவர் டெய்லி எண்ணிப் பாத்துக்குவாரு" என்று சொன்னாள். சொன்னதை அவள் மறந்தும் போனாள்.

அதிலிருந்து தினமும் காலையில் தர்ஷினி பல்கூட விளக்காமல் நேராகப் போய்ப் படத்துக்கு முன்னால் நிற்பாள். குதிகாலை எம்பி, தலையைத் தூக்கி, ஒரு பார்வை. பிறகுதான் பாத்ரூம். குளோரியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என்னா பக்தி தெரியுமா அண்ணி அந்தப் பிள்ளைக்கு! நாம பெத்திருந்தாகூட இப்டி இருக்காது" என்று நாத்தனார் ஆஞ்சலாவிடம் சொன்னாள். பூசை முடிந்து சாமியாரிடம்கூடச் சொன்னாள்.

அந்த ஆஞ்சலாதான் இன்றைக்குக் காலையில் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். யூஜினின் அக்கா. போனில் பேசிய விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், அந்தக் காம்பவுண்டில் குக்கர் விசில் எத்தனை என்பதுகூட அவளுக்குத் தெரியும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏ குளோரி, உனக்கு மூளைகீளை இருக்கா? பொண்ணு பேரு தர்ஷினி. வர்ற மேடம் பேரு வேதநாயகி. உள்ள காலை வெச்சா எதிர்லயே ஆண்டவரு. இந்தப் பக்கம் மாதா, அந்தப் பக்கம் அந்தோணியாரு. காலம் எப்டி இருக்குன்னு தெரியாதா உனக்கு? குழந்தைய மதம் மாத்திட்டாங்கன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுது. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய்ட்டே இருப்பாங்க."

"வீட்டுல சாமி இருக்கறது தப்பா அண்ணி?"

"தப்புன்னு நான் சொன்னனா? ஒரு நாள் கழட்டி வையின்னேன். அவரு எங்கயும் ஓடிட மாட்டாரு. பொண்ணு போனா வராது, பாத்துக்க."

குளோரியா ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். பீன்யாவில் பேக்டரியில் இருக்கிற யூஜினுக்குப் போன் போட்டாள். பின்னால் மிஷின் சத்தத்தில் அவன் பாதி கேட்டான், பாதி கேட்கவில்லை. "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் குளோரி. நான் அரை நாள் லீவு சொல்லிட்டு வந்துடறேன்" என்றான். அக்கா பேச்சை அவன் தட்டியதே இல்லை, தப்பாகப் போன பேச்சையும் சேர்த்துத்தான்.

கழற்றுவதோடு முடிந்ததா? எங்கே வைப்பது? மந்திரித்த பொருளைத் தரையில் வைக்கக் கூடாது. கால் படுகிற இடத்தில் வைக்கக் கூடாது. கட்டிலுக்கு அடியில் கூடவே கூடாது, செருப்பு இருக்கிற பக்கம் நினைத்துப் பார்க்கவும் கூடாது. குளோரியா கையில் ஒரு சுரூபத்தை, மந்திரித்த சிலையை, வைத்துக்கொண்டு பைத்தியம் பிடித்தவளாய் அறைக்கு அறை நடந்தாள். குழந்தை இயேசுவின் பச்சை அங்கி கசங்காமல் அவரை அரிசி டிரம்மில் நிற்க வைத்து மூடினாள். அந்தோணியார் யூஜினின் சட்டைகளுக்கு நடுவில் பீரோவுக்குள் போனார். சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைக் கல்யாணப் புடவையில் சுற்றினாள். வேளாங்கண்ணி தீர்த்த பாட்டில் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் ஒளிந்தது. திரு இருதயப் படம் எதிலும் அடங்கவில்லை. பெட்ஷீட்டில் சுற்றி, மார்போடு அணைத்து ஏணியில் ஏறி, சமையலறைப் பரணில் படுக்க வைத்தாள். "மன்னிச்சிரு, மன்னிச்சிரு" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தது.

வாசல் கதவில் 'கிறிஸ்துவே இவ்வீட்டின் தலைவர்' என்று ஸ்டிக்கர். தேங்காய் எண்ணெய் தடவிக் கத்தியால் சுரண்டினாள். 'கிறிஸ்துவே' மட்டும் வந்தது. மீதி இம்மி நகரவில்லை. 'இவ்வீட்டின் தலைவர்' என்று அது பாட்டுக்கு நின்றது.

திரும்பி வந்து சுவரைப் பார்த்தாள். பச்சைச் சுவரின் நடுவில் கதவு மாதிரி ஒரு பழைய நீலக் கட்டம். பக்கத்தில் மெழுகுதிரிப் புகை படியாமல் சிலுவை வடிவத்தில் ஒரு வெளுப்பு. எதையோ எடுத்துவிட்டார்கள் என்று சுவரே கத்திக்கொண்டிருந்தது. கேலண்டரை மாட்டி மறைக்கலாம் என்றால் வீட்டில் இருந்த ஒரே கேலண்டர் பங்குக் கோயில் கேலண்டர், நாளுக்கு ஒரு புனிதர். ஆணி துருத்திக்கொண்டு நிற்பதாவது தெரியாமல் இருக்கட்டும் என்று இடுக்கியால் ஆணிகளைப் பிடுங்கினாள். ஓட்டைகளில் டூத் பேஸ்ட்டைப் பிதுக்கி விரலால் தேய்த்தாள். கழுத்துத் தாலியில் இருந்த சிலுவையை ரவிக்கைக்குள் தள்ளினாள். மிச்சம் இருந்தது ஆரோக்கிய மாதா மட்டும். அவரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஆஞ்சலா வீட்டுக்கு ஓடினாள்.

அந்த நேரத்தில்தான் ஸ்கூல் வேன் வந்து தர்ஷினியை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. குளோரியா மூச்சிரைக்க இறங்கி வந்தபோது பிள்ளை யூனிபார்மோடு, ஷூவோடு ஹால் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். சுவரைப் பார்க்கவில்லை. பார்த்து முடித்துவிட்டாள் போலிருக்கிறது.

"வந்துட்டியா கண்ணு? ஷூவக் கழட்டு, மூஞ்சி கழுவு. இல்லத்துலருந்து ஒரு மேடம் வராங்க. நல்ல பிள்ளையா சிரிச்சிக்கிட்டு இருக்கணும், என்னா? ஜெபம் கிபம் எதுவும் சொல்லிக் காட்டாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்."

"சரிங்க ஆண்ட்டி" என்றாள் தர்ஷினி.

குளோரியா சமையலறைக்குள் போய் பாலை அடுப்பில் வைத்து, பஜ்ஜிக்கு மாவு கரைக்க உட்கார்ந்த பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதில் ஏறியது. ஆண்ட்டியா? தீபாவளிக்கு முன்னாலிருந்தே அவள் அம்மாதானே. பள்ளிக்கூடத்தில் ஏதாவது சண்டையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துப் பார்க்க நேரமில்லை. பால் பொங்கியது, எண்ணெய் காய்ந்தது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஹாலில் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. உடை மாற்றுகிறாள் என்று விட்டுவிட்டாள்.

வேதநாயகி மேடம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வியாழக்கிழமை நவநாள் கூட்டத்தில் ஆட்டோ நுழைய முடியாமல் நடந்தே வந்திருக்கிறார். நெற்றிப்பொட்டு வேர்வையில் லேசாகக் கலைந்திருந்தது. கதவில் ஒட்டியிருந்த பாதி ஸ்டிக்கரைப் படித்தார். பிறகு கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தர்ஷினியைப் பார்த்தார். ஷூ லேஸ் இறுக்கிக் கட்டியிருந்தது. மடியில் ஒரு நீலப் பை. ஜிப் மூடாமல் ஒரு ஃபிராக்கின் ஓரம் வெளியே தெரிந்தது.

"ஏன் புட்டி, இங்க உக்காந்திருக்க?" புட்டி என்றால் கன்னடத்தில் குட்டிப் பெண்.

"ரெடியா இருக்கேன்."

"எதுக்கு?"

"போறதுக்கு."

தட்டில் பஜ்ஜியும் காபியுமாக வந்த குளோரியா அப்படியே நின்றாள். அந்த நீலப் பை தர்ஷினி முதல் நாள் இல்லத்திலிருந்து கொண்டுவந்த பை. அதைப் பீரோவின் அடித்தட்டில் போட்டு மறந்தே போயிருந்தாள்.

மேடம் உள்ளே வந்தார். நீலக் கட்டத்தைப் பார்த்தார். பக்கத்தில் போய் ஆணி ஓட்டையை நகத்தால் கிள்ளினார். வெள்ளையாக ஒட்டிக்கொண்டதை மோந்து பார்த்தார்.

"ஏனம்மா, மனே காலி மாட்தீரா?" என்றார் கன்னடத்தில். குளோரியாவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். "வீடு காலி பண்றீங்களா?"

"ஐயோ இல்ல மேடம்!"

"பின்ன இதென்ன? நானும் இந்த ஊர்ல எத்தனையோ வாடகை வீடு மாறினவதான். ஆணியைப் பிடுங்கி பேஸ்ட் வச்சு அடைக்கறது வீட்டுக்காரர் அட்வான்ஸ்ல பிடிச்சுக்கக் கூடாதுன்னு காலி பண்றப்போ செய்யறது. குழந்தை பேகை வச்சிட்டு வாசல்ல உக்காந்திருக்கா. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"பெயிண்ட்... பெயிண்ட் அடிக்கப் போறோம் மேடம்." பாவி, அந்த நேரத்திலும் ஒரு பொய்.

மேடம் திரும்பிப் போய்ப் பிள்ளைக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "பெயிண்ட் அடிக்கப் போறாங்களா புட்டி?"

"இல்ல. என்னைத் திருப்பி விடப் போறாங்க."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. போன வீட்லயும் சொல்லல." தர்ஷினி பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள், அழவில்லை. "அங்க ஃபிரிட்ஜ்ல என் போட்டோ இருந்துச்சு. காந்தம் வச்சு ஒட்டியிருந்தாங்க. ஒரு நாளு ஸ்கூல் விட்டு வந்தா போட்டோ இல்ல. அப்புறம் ஐஸ்கிரீம் சாப்பிடப் போலாம்னு அந்த ஆண்ட்டி இந்தப் பைய எடுத்துட்டு வந்தாங்க. இங்கயும் இப்ப இல்ல. அதான் நானே எடுத்து வச்சிட்டேன்."

குளோரியாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்து காபி பஜ்ஜி மேல் கொட்டியது. எதையோ பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடிக்கச் சுவர்தான் இருந்தது.

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன் மேடம். பெயிண்டும் இல்ல ஒண்ணும் இல்ல. சாமி படத்தைத்தான் ஒளிச்சு வச்சேன். நீங்க பாத்தா பிள்ளைய மதம் மாத்திட்டோம்னு எழுதிடுவீங்கன்னு பயந்துட்டேன். வேற ஒண்ணுமே இல்ல. அவளைத் திருப்பி விட்டா நான் செத்துடுவேன் மேடம். சத்தியமா செத்துடுவேன்." சொல்லிக்கொண்டே ரவிக்கைக்குள்ளிருந்த தாலியை வெளியே இழுத்து அந்தச் சிலுவையைக் காட்டினாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

வேதநாயகி மேடத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்க சாமி எதுன்னு யாரும்மா கேட்டா? ஃபைல்ல முதல் பக்கத்துலயே இருக்கு நீங்க கிறிஸ்டியன்னு. தெரிஞ்சுதானே குழந்தையைக் கொடுத்திருக்கோம். சட்டமே அதைக் கேக்கறதில்லை. முதல் தடவை வந்த எங்க ஆளு இந்தப் படத்துக்குக் கீழ உக்காந்துதான் காபி குடிச்சிருப்பாரு." குரலைத் தாழ்த்தினார். "படம் இருந்தது தப்பில்ல. நீங்க ஒளிச்சதுதான் தப்பு. ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்த குழந்தை. அவ கண்ணு முன்னாடி ஒரே நாள்ல வீட்டைத் துடைச்சு வச்சிருக்கீங்க. நான் இதை என்னன்னு எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க."

குளோரியா தட்டை மேஜையில் வைத்தாள். சமையலறைக்கு ஓடினாள். ஏணியில் ஏறிப் பரணிலிருந்து படத்தை இழுத்தாள். முழங்கை சிராய்த்தது. பெட்ஷீட்டை உதறி எறிந்துவிட்டுப் படத்தைத் தூக்கிவந்து பழைய நீலக் கட்டத்தின் மேல் வைத்தாள். மாட்ட ஆணி இல்லை. இரண்டு கையாலும் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க பாரு தர்ஷு. இருக்காரு பாரு. எங்கயும் போகல. எல்லாம் அப்டியேதான் இருக்கு. பாரு கண்ணு."

தர்ஷினி எழுந்து வந்தாள். குதிகாலை எம்பித் தலையைத் தூக்கினாள். தினமும் காலையில் பார்க்கிற அதே பார்வை. அந்தப் பார்வை சேசுநாதரின் முகத்துக்குப் போகவில்லை. கீழே, ஓரத்துக்கு, மூலைக்குப் போயிற்று. அங்கே யூஜினின் அப்பா அம்மா இருந்தார்கள். கல்யாணப் போட்டோ இருந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை.

அட கர்த்தாவே! இத்தனை நாளாக இந்தப் பிள்ளை தினமும் வந்து நின்றது ஜெபம் பண்ணவா? தன் போட்டோ இன்னும் இருக்கிறதா என்று பார்க்க அல்லவா வந்து நின்றிருக்கிறது! அதைப் பக்தி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாளே!

"போட்டோ எங்க? இங்கதான வச்சிருந்தேன்? எங்க போச்சு?"

தேட வேண்டும் என்றால் கையிலிருப்பதை விட வேண்டும். கட்டில் உள்ளறையில் இருந்தது, மேஜை எட்டவில்லை. குளோரியா ஆண்டவரைத் தரையில் வைத்தாள். சுவரோரமாக, வெறுந்தரையில். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. முழங்காலிட்டுத் தவழ்ந்து டிவி மேஜைக்கு அடியில் கையை விட்டாள், தூசிதான் வந்தது. பெட்ஷீட்டை உதறினாள். பீரோவிலிருந்து யூஜினின் சட்டைகளை இழுத்துப் போட்டதில் அந்தோணியார் உருண்டு வந்தார். அரிசி டிரம்முக்குள் விழுந்திருக்குமோ என்று குழந்தை இயேசுவை எடுத்து வெளியே வைத்துவிட்டு முழங்கை வரை அரிசியில் அளைந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், ஓலைச் சருகு கொட்டியது. ஃபிரிட்ஜைக்கூடத் திறந்து பார்த்தாள். வீடு முழுக்க அரிசியும் சட்டையும் சாமிகளுமாகக் கிடந்தன. "கெடைச்சிரும், கெடைச்சிரும்" என்று அழுதுகொண்டே குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள்.

வேதநாயகி மேடம் குனிந்து, அரிசி ஒட்டிய பச்சை அங்கியோடு நின்ற குழந்தை இயேசுவை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"தேடாதீங்க ஆண்ட்டி" என்றாள் தர்ஷினி. "எங்கிட்ட இருக்கு."

நீலப் பையைத் திறந்து பென்சில் டப்பாவை எடுத்தாள். உள்ளே ரப்பருக்கும் ஷார்ப்னருக்கும் நடுவில் அந்தப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தது.

"டிவிக்குக் கீழ கிடந்துச்சு."

குளோரியா குப்பைக்கு நடுவில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தாள். ஒரு சுரூபத்தைத் தரையில் வைக்கக் கூடாது என்று எத்தனை பாடு பட்டாள்! ஓலைத் தூளைக்கூடக் கீழே விடாமல் முந்தானையில் முடிந்தாள். அத்தனை பேருக்கும் மேலே இடம் தேடிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தரையில் போட்டுவிட்டாள். அது தெரியக்கூட இல்லை அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே நவநாள் ஜெபம் ஒலிபெருக்கியில் கேட்டது. பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளையிடம் குனிந்தார்.

"இன்னைக்கு யாரும் எங்கயும் போகல புட்டி. நான் உன்னைக் கூட்டிட்டுப் போக வரல. சும்மா பாக்கத்தான் வந்தேன். தெரிஞ்சுதா?"

"சரி" என்றாள் தர்ஷினி. பையை விடவில்லை.

வாசலில் நின்று குளோரியாவிடம் சொன்னார்: "இன்னைக்கு நான் ஒண்ணும் எழுதல. நல்லா இருக்காங்கன்னு எழுத மனசு வரல, இல்லன்னு எழுதவும் மனசு வரல. அடுத்த வாரம் ஒரு நாள் வருவேன். எந்த நாள்னு சொல்ல மாட்டேன். அன்னைக்கு அவ அந்த நாற்காலியில ஷூ போட்டுட்டு உக்காந்திருந்தா நான் எழுதறதை யாரும் மாத்த முடியாது." இரண்டடி போய்த் திரும்பினார். "முதல்ல ஒரு ஆணி அடிங்க."

அவர் போய் வெகு நேரம் கழித்துத்தான் யூஜின் வந்தான். கோயில் கூட்டத்தில் பஸ் நின்றுவிட்டதாம். வீட்டைப் பார்த்ததும் திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்துக் கத்தினான். சத்தம் கேட்டு மாடிப்படியில் இறங்கி வந்த ஆஞ்சலா, "என்னா ஆச்சு, போய்ட்டாங்களா, நல்லபடியா முடிஞ்சுதா?" என்றாள். குளோரியா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "மாதாவ எடுத்துட்டு வந்து குடுங்க அண்ணி. வேற ஒண்ணும் பேசாதீங்க" என்றாள். அவள் அப்படிப் பேசி ஆஞ்சலா கேட்டதில்லை. மாதாவை எடுத்துவர மேலே போனாள்.

வீட்டில் சுத்தியல் இல்லை. யூஜின் இஞ்சி பூண்டு நசுக்குகிற கல்லால் அடித்தான். பழைய ஓட்டையில் ஆணி நிற்கவில்லை, பேஸ்ட்டோடு வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் மேலே புது இடத்தில் அடித்தான். காரை உதிர்ந்தது. "வீட்டுக்காரரு கத்துவாரு" என்றான். "கத்தட்டும்" என்றாள் குளோரியா. ஆண்டவர் முன்னைவிட ஒரு சாண் உயரத்தில் போய் நின்றார். அவருக்குக் கீழே பழைய நீலம் ஒரு பட்டையாகத் தெரிந்தது. சிவப்பு பல்பின் ஒயரைச் செருகினார்கள், எரிந்தது.

குளோரியா போட்டோவுக்காகக் கையை நீட்டினாள். தர்ஷினி கொடுக்கவில்லை. தானே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஏறி நின்றும் எட்டாமல், ஷூக் காலோடு எம்பி, போட்டோவை மூலையில் செருகினாள். விழுகிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தாள். இன்னும் ஆழமாகத் தள்ளினாள். பிறகு இறங்கி நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள்.

குளோரியா அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். லேஸில் முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டிருந்தாள் பிள்ளை. நகம் வலிக்க ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். காலை இழுத்துக்கொள்ளாமல் தர்ஷினி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஷூ கழன்றது. அடுத்ததையும் குளோரியா மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா" என்றாள் தர்ஷினி.

குளோரியா சட்டென்று நிமிர்ந்தாள். "என்னா கண்ணு? சொல்லு."

"அடுத்த தடவ படத்தக் கழட்டறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிடுங்க. நான் ஷூ போட்டுக்கணும்ல."